எல்லைக்கல்லும் கரிசலும்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் மானாவாரியாக, அதாவது கிணற்றையோ கண்மாயையோ எதிர்பாராமல் ஐப்பசி கார்த்திகை மழையை மட்டும் நம்பி, விளைந்த நாட்டுப் பருத்தியில் சம்சாரிகள் (உழவர்கள்) பிரித்தறிந்தவை முதன்மையாக இரண்டு: ஒன்று உப்பம், மற்றொன்று கருங்கண்ணி. இவ்விரண்டும் ஒரே புஞ்சையில் கலந்து முளைத்து, ஒரே மடியில் எடுக்கப்பட்டு, ஒரே பொதியில் திணிக்கப்பட்டுத் தூத்துக்குடியில் கப்பலேறியபோது, கடலுக்கு அப்பாலிருந்த வணிகர்களின் ஏட்டில் 'டின்னவெல்லி' என்ற ஒற்றைப் பெயருக்குள் அடங்கிவிட்டன. சம்சாரிக்கு இரண்டாகவும் வணிகருக்கு ஒன்றாகவும் இருந்த பருத்தி, தாவரவியலாரின் கைக்குப் போனபோது இன்னும் விசித்திரமான கணக்குகளுக்கு ஆளாயிற்று. உலகப் பருத்திகளை வகைப்படுத்த முயன்ற இத்தாலியர் பார்லத்தோரே 1866-இல் ஏழு சிற்றினங்களை மட்டுமே ஏற்றார். பத்தாண்டுகள் கழித்து எழுதிய மற்றோர் இத்தாலியரான தோதாரோ 54 சிற்றினங்களைக் கண்டார். இந்தியாவில் நெடுங்காலம் பணியாற்றிய ஜார்ஜ் வாட் 1907-இல் 29 என்றார். ஹட்சின்சன், சைலோ, ஸ்டீபன்ஸ் ஆகிய மூவரும் 1947-இல் அதை 20 ஆக்கினர். இந்த எண்பது ஆண்டுகளில் செடி மாறிவிடவில்லை.

இந்த எண்களைக் கண்டு அறிவியலை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் இவற்றுக்குப் பின்னே இந்தியத் தருக்க மரபுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விட்டுக்கொடுக்காமல் வாதிட்ட ஒரு கேள்வி நிற்கிறது: இனம் என்பது பெயருக்கு முன்பே பொருள்களில் உள்ளதா, அல்லது பெயரிடுவோரின் தேவையால் பொருள்கள்மேல் ஏற்றப்படுவதா? தனி உயிர் ஒன்று இருக்கிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பேரினம், குடும்பம் போன்ற மேற்படிகள் மனிதர் வசதிக்காக அடுக்கிய அடுக்குகள் என்பதை வகைப்பாட்டியலாரில் பலர் மறுப்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே, சிற்றினத்துக்கு ஒரு படி கீழே இருக்கும் துணைச் சிற்றினம் என்னும் படியில்தான் அந்தக் கேள்வி மிகவும் கூர்மையாகிறது.

சிற்றினத்தைப் பொறுத்தவரை இயற்கையே ஓரளவு விடை சொல்லிவிடுகிறது. உப்பத்தின் அறிவியற்பெயர் காசிப்பியம் ஹெர்பேசியம். கருங்கண்ணியின் பெயர் காசிப்பியம் ஆர்போரியம். இரண்டின் உயிரணுவிலும் 26 குரோமோசோம்கள் உள்ளன. இரண்டையும் ஒட்டினால் பிறக்கும் முதல் தலைமுறைச் செடி நன்றாக வளர்ந்து காய்க்கவும் செய்யும். ஆயினும் அந்தக் கலப்பின் விதையிலிருந்து எழும் இரண்டாம் தலைமுறையில் நலிந்தவையும் குலைந்தவையுமே மிகுதியாகத் தோன்றுவதால், கலந்து கிடந்த நிலத்திலும் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகவில்லை. தம்முள் தடையின்றி இனம்பெருக்கி, பிறவற்றிலிருந்து இனப்பெருக்கத்தால் விலகி நிற்கும் உயிர்க்கூட்டமே சிற்றினம் என்று எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் தந்த வரையறையைக் கரிசல் காட்டுப் புஞ்சை தன் போக்கில் மெய்ப்பித்துக்கொண்டிருந்தது எனலாம். சம்சாரியின் இரண்டு பெயர்களும் தாவரவியலின் இரண்டு சிற்றினங்களும் இங்கே பிசகாமல் பொருந்துகின்றன. 54 என்று எண்ணியவரைவிட உப்பத்தையும் கருங்கண்ணியையும் காயைப் பார்த்தே பிரித்த சம்சாரி இயற்கைக்கு நெருக்கமாக இருந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது.

சிக்கல் ஆர்போரியம் என்ற அந்த ஒரு பெயருக்குள் நுழைந்த பிறகே தொடங்குகிறது. (மரம்போன்றது என்னும் பொருளுடைய இப்பெயரை லின்னேயஸ் 1753-இல் பல்லாண்டு வாழும் உயர்ந்த வடிவத்தைக் கருதி இட்டார், ஓராண்டில் முடிந்துபோகும் கருங்கண்ணி மரம் ஆவதே இல்லை. பெயர் பொருளைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அறிவியற்பெயருக்குக் கிடையாது.) ஆர்போரியத்துக்குள் தென்னிந்தியாவின் கருங்கண்ணியை உள்ளடக்கிய இண்டிகம், வட இந்தியாவின் பெங்காலென்ஸ், பர்மாவை மையமாகக் கொண்ட பர்மானிக்கம், காரோ மலையின் நீண்ட காயுடைய செர்னூம், சீனத்தின் சைனென்ஸ், ஆப்பிரிக்காவின் சூடானென்ஸ் என ஆறு கூட்டங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. இவற்றை ஒன்றோடொன்று ஒட்டினால் வளமான சந்ததி பிறக்கிறது. ஒரு கூட்டம் மற்றொன்றில் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட இயலாதபடி இடைப்பட்ட வடிவங்களும் உண்டு. இவற்றுள் சிலவற்றைத் தொடக்கத்தில் 'வரைட்டி', 'ஃபார்மா' என்ற முறையான படிகளில் வைத்த ஹட்சின்சன் பின்னர் அந்தப் படிகளைக் கைவிட்டு, பெயரிடல் விதிகளுக்குள் சிக்காத 'ரேஸ்' என்ற தளர்வான சொல்லுக்கு மாறினார். கூட்டங்கள் உண்மையில் உள்ளன, ஆனால் அவற்றுக்கு வேலி இல்லை என்று உணர்ந்த ஒருவரின் தயக்கம் அந்தச் சொல்மாற்றத்தில் தெரிகிறது.

துணைச் சிற்றினத்துக்கு முறையாகப் பெயரிடும் வழியை அறிந்தால் அந்தத் தயக்கத்தின் காரணம் விளங்கும். விலங்கியலில் சிற்றினத்தின் பெயர் இரண்டு சொற்களால் ஆனது. துணைச் சிற்றினத்துக்கு மூன்றாவது சொல் ஒன்று கூடும். கோவில்பட்டிக்குத் தெற்கே வல்லநாட்டில் 1987-இல் அமைக்கப்பட்ட சரணாலயத்தில் மேயும் வெளிமானின் முழுப்பெயர் ஆன்டிலோப் செர்விகாப்ரா செர்விகாப்ரா என்பது. வடமேற்கு இந்தியாவின் வெளிமான் ஆன்டிலோப் செர்விகாப்ரா ராஜ்புதானே எனப்படுகிறது. முதற்பெயரில் ஒரே சொல் இருமுறை வருவது அச்சுப்பிழை அன்று. ஒரு சிற்றினத்துக்குள் புதிதாக ஒரு துணைச் சிற்றினம் பிரிக்கப்பட்டவுடன், முதன்முதலில் பெயர்பெற்ற பகுதி தானாகவே சிற்றினப் பெயரையே மூன்றாம் சொல்லாகவும் பெற்றுவிடும் என்பது விதி. அண்ணன் தனிக்குடித்தனம் போகாவிட்டாலும் தம்பி போன அன்றே வீடு இரண்டாகிவிடுவதைப் போன்றது அது. தாவரவியலில் துணைச் சிற்றினத்துக்குக் கீழும் வரைட்டி, ஃபார்மா முதலிய படிகள் உண்டு. படியைக் குறிக்கும் சுருக்கெழுத்தைப் பெயருக்கு நடுவே எழுத வேண்டும். விலங்கியல் விதிநூலோ துணைச் சிற்றினத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே எத்தனை வேறுபாடு இருந்தாலும் அது விதிநூலின் கவலை அன்று.

புதிய பெயரை முன்மொழிபவர் அதை முறைப்படி வெளியிட வேண்டும். வேறுபடுத்தும் பண்புகளைக் கூற வேண்டும். ஓர் அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கப்படும் குறிப்பிட்ட ஒரு மாதிரியோடு அப்பெயரைக் கட்டிவிட வேண்டும். அந்த மாதிரிக்கு வகைமாதிரி என்று பெயர். வகைமாதிரி தன் இனத்தின் சராசரியாகவோ சிறந்ததாகவோ இருக்க வேண்டியதில்லை. அது பெயரைச் சுமக்கும் ஓர் உடல், அவ்வளவே. ஒரே இனத்துக்கு இருவர் பெயரிட்டிருந்தால் முந்திய பெயரே செல்லும். இதனை முன்னுரிமை விதி என்பர். தத்துவ நோக்கில் இவை அனைத்தையும்விட முக்கியமானது விதிநூல் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கும் செய்தி: ஒரு துணைச் சிற்றினம் உண்மையில் உள்ளதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அது தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெயர் விதிப்படி செல்லுபடியாகும். அப்பெயர் குறிக்கும் இனம் உண்டா என்பது தனி வழக்கு.

நில அளவையில் எல்லைக்கல் செய்யும் வேலையை வகைமாதிரி இங்கே செய்கிறது என்று கொண்டால், கரிசல் நிலத்துக்காரருக்கு அடுத்த சங்கடமும் புரிந்துவிடும். கரிசல் மண் மழையில் உப்பி வீங்கும். கோடையில் கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் நட்ட கல் நாளடைவில் சாயும். கல் சாய்ந்ததால் நிலம் நகர்ந்துவிட்டதாகப் பொருளில்லை. கல் இருப்பதாலேயே மண்ணில் கோடு விழுந்துவிட்டதாகவும் பொருளில்லை. கரிசல் எங்கே முடிந்து செவல் எங்கே தொடங்குகிறது என்று ஓர் எல்லையைக் காட்டச் சொன்னால், நடுவே கருமையும் செம்மையும் கலந்து படிப்படியாக நிறம் மாறும் நிலத்தைத்தான் காட்ட முடியும். உயிரினங்களின் பண்புகளும் நிலப்பரப்பில் இவ்வாறே சிறுகச் சிறுக மாறுகின்றன. இத்தகைய தொடர்மாற்றத்துக்கு ஜூலியன் ஹக்ஸ்லி 1938-இல் 'கிளைன்' என்று பெயரிட்டார்; தமிழில் சரிவு எனலாம். சரிவில் இரண்டு முனைகளும் தெளிவாக வேறுபடும். வேறுபாடு தொடங்கும் இடம் மட்டும் எங்கும் அகப்படாது. இந்தத் தொல்லையைத் தவிர்க்க, ஒரு கூட்டத்தின் உயிர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்தையாவது அடுத்த கூட்டத்திலிருந்து ஐயமின்றிப் பிரித்தறிய முடிந்தால் மட்டுமே அதைத் துணைச் சிற்றினமாக ஏற்கலாம் என்ற அளவுகோலைப் பறவையியலார் கையாண்டனர். டீன் அமாடன் 1949-இல் அதை விரித்து எழுதினார். எழுபத்தைந்து ஏன், எண்பது ஏன் கூடாது என்ற கேள்விக்கு அளவுகோலில் விடை இல்லை. புலிகளில் எட்டோ ஒன்பதோ துணைச் சிற்றினங்கள் என்று வழங்கிவந்த கணக்கு 2017-இல் வெளியான ஒரு மறுசீராய்வில் இரண்டாகக் குறைந்ததும், மறு ஆண்டே மரபணுத்தொகுதி ஆய்வு ஒன்று ஆறு என்று உயர்த்தியதும் இதே தடுமாற்றத்தின் அண்மைக்கால வடிவங்கள்.

இந்தத் தடுமாற்றத்தின் மையத்தைத் தொட்டவர்கள் எட்வர்ட் வில்சன், வில்லியம் பிரவுன் என்னும் இருவர். எறும்புகளை ஆராய்ந்த இவர்கள் 1953-இல் எழுதிய கட்டுரையில், ஒரு சிற்றினத்தின் வெவ்வேறு பண்புகள் நிலப்பரப்பில் ஒன்றுக்கொன்று ஒத்து மாறுவதில்லை என்று காட்டினர். நிறத்தை வைத்துக் கோடு போட்டால் நாடு வடக்கு தெற்காகப் பிரியும். உடலளவை வைத்துக் கோடு போட்டால் கிழக்கு மேற்காகப் பிரியும். எந்தப் பண்பைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்ற துணைச் சிற்றினம் பிறக்கும். அவ்வாறாயின் பிறப்பது இயற்கையின் பிரிவா, தேர்ந்தெடுத்தவரின் பிரிவா?

இந்த வாதம் இந்தியத் தருக்க நூல்களில் பழகியவர்களுக்குப் புதிதாக ஒலிக்காது. மணிமேகலையின் சமயக் கணக்கர் பகுதியில் இடம்பெறும் வைசேடிகர் உலகைப் பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம் என ஆறாகப் பகுத்தவர்கள். இவற்றுள் சாமானியம் என்பது பலவற்றில் ஒன்றாக நிற்கும் பொதுத்தன்மை. பசுக்கள் எத்தனை பிறந்து இறந்தாலும் அவை அனைத்திலும் பசுத்தன்மை என்ற ஒன்று அழியாமல் உறைகிறது என்பதும், அது மனிதர் கற்பித்ததன்று, பொருள்களிலேயே இருப்பது என்பதும் அவர்கள் கொள்கை. அந்த மெய்யான பொதுத்தன்மைக்கு அவர்கள் இட்ட பெயர் ஜாதி. ஆனால் கண்ணில் படும் ஒவ்வொரு பொதுப்பண்பையும் ஜாதி என்று ஒப்புக்கொண்டால் உலகம் ஜாதிகளால் நிரம்பிவிடும் என்பதை உணர்ந்த உதயணர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், எவை ஜாதியாக முடியாது என்று விலக்கும் ஆறு தடைகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று சங்கரம், அதாவது குறுக்குக் கலப்பு. இரண்டு பொதுப்பண்புகள் சில பொருள்களில் சேர்ந்து நின்று, வேறு சிலவற்றில் ஒன்று மட்டும், இன்னும் சிலவற்றில் மற்றொன்று மட்டும் நிற்குமானால், அவை ஒன்றுக்குள் ஒன்று அடங்காமல் குறுக்கே வெட்டுகின்றன; ஆகவே அவை மெய்யான ஜாதியாகா. பூதமாயிருக்கும் தன்மையையும் அளவுக்குட்பட்டு இயங்கும் தன்மையையும் இதற்கு எடுத்துக்காட்டுவர்: நிலம், நீர், தீ, காற்று நான்கிலும் இரண்டும் உண்டு, வானம் பூதம், ஆனால் அளவற்றது, மனம் அளவுடையது, ஆனால் பூதமன்று. இப்படி வெட்டிக்கொள்ளும் பண்புகள் உபாதி எனப்படும். அதாவது பயனுள்ளதாயினும் பொருளின் இயல்பில் வேரூன்றாத, மேலே ஏற்றப்பட்ட அடையாளம்.

உதயணரின் சங்கரமும் வில்சன், பிரவுன் இருவரின் குற்றச்சாட்டும் ஒரே எலும்புக்கூட்டை உடையவை. நிறமும் உடலளவும் குறுக்கே வெட்டிக்கொண்டால் இரண்டில் எதை வைத்துப் பிரித்தாலும் கிடைப்பது ஜாதி அன்று, உபாதி. உப்பமும் கருங்கண்ணியும் காய், விதை, பூவடிச் செதில், கலப்பின் விளைவு என எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே கோட்டில் பிரிகின்றன. அங்கே பண்புகள் ஒன்றையொன்று வெட்டாமல் குவிகின்றன. கருங்கண்ணியையும் வடக்கத்திப் பருத்தியையும் இலை, இழை, காய்க்கும் காலம் ஆகியவற்றால் பிரிக்கப் போனால் கோடுகள் விலகி ஓடுகின்றன. வைசேடிகரின் மொழியில் சொன்னால் சிற்றினத்துக்கு ஜாதியாகும் தகுதி ஓரளவு உண்டு. துணைச் சிற்றினம் பெரும்பாலும் உபாதியே. இங்கே ஒரு வேற்றுமையை மறைப்பது முறையன்று. வைசேடிகரின் ஜாதி பிறப்பு இறப்பு அற்றது. டார்வினுக்குப் பின்வந்த உயிரியலில் சிற்றினமும் தோன்றிப் பிரிந்து அழிவது. உதயணர் இதை ஏற்றிருக்க மாட்டார். அவருடைய சல்லடை அவருடைய தானியத்துக்காகச் செய்யப்பட்டது. இன்று வேறு தானியத்தைச் சலிக்கவும் அது பயன்படுகிறது என்பதே இங்கே சொல்லத்தக்கது.

உபாதி என்று தீர்ப்பளித்துவிட்டால் விவகாரம் முடிந்துவிடும் என்று எண்ணினால், கரிசலின் பாறை இடுக்குகளில் வாழும் சுருட்டை விரியன் அதற்கு இடந்தராது. பாட்ரிக் ரஸல் 1796-இல் சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி வெளியிட்ட நூலில் ஆரணியிலிருந்து கிடைத்த சிறு பாம்பு ஒன்றை 'ஹொரட்டா பாம்' என்று தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். 1801-இல் ஷ்னைடர் அதற்கு முறைப்படி பெயரிட்டார். இன்று அது எக்கிஸ் கேரினேட்டஸ். இலங்கையின் சுருட்டையை டெரணியகல 1951-இல் தனித் துணைச் சிற்றினம் ஆக்கினார். வடமேற்கு இந்தியா தொடங்கி மேற்கே பரவிய, உடல் பெரிய வடிவத்தை ஷ்டெம்லர் 1969-இல் சோச்சுரெகி என்று பிரித்தார். இந்தப் பிரிவுகளில் எவை நிலைக்கும் என்பதில் பாம்பியலார் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இந்தியாவில் பாம்புக்கடிக்குத் தரப்படும் பன்முக நச்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சு பெரும்பாலும் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, அதாவது தமிழ்நாட்டுப் பாம்புகளிலிருந்து, எடுக்கப்படுகிறது. அம்மருந்து இராஜஸ்தான் சுருட்டையின் நஞ்சுக்கு எதிராகப் போதிய வலுவோடு வேலை செய்வதில்லை என்பதை ஆய்வுகள் வெளிப்படுத்தியுள்ளன. ஏட்டில் மூன்றாம் சொல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடிபட்டவரின் இரத்தத்துக்குள் வேறுபாடு உள்ளது. எல்லை மங்கலாயிருப்பதால் வேறுபாடே இல்லை என்று சொல்வது, கரிசலுக்கும் செவலுக்கும் நடுவே கோடு இல்லாததால் இரண்டிலும் ஒரே விதையை விதைக்கலாம் என்பதற்குச் சமம். எந்தச் சம்சாரியும் அதைச் செய்ய மாட்டார்.

ஜாதியா உபாதியா, உண்டா இல்லையா என்ற இருமுனை வினாவே போதாது என்று இங்கே தோன்றுகிறது. போதாமையை வெளிப்படையாகச் சொன்ன மரபு ஒன்று கோவில்பட்டிக்கு மேற்கே இருபது கிலோமீட்டர் அளவிலேயே வேர்கொண்டிருந்தது. கழுகுமலையில், ஒரே பாறையைக் குடைந்தெடுத்த வெட்டுவான் கோயிலுக்கு அருகே நீளும் பாறைச் சரிவில், எட்டு ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டன. அவற்றின் அடியில் வட்டெழுத்தில் பொறித்த பெயர்கள், ஆசிரியர்களும் மாணாக்கரும் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் கூடி வாழ்ந்த பெரிய கல்விமையம் அது என்பதைக் காட்டுகின்றன. அந்தப் பாறையின் நிழலில் எந்தப் பாடம் எந்த நாளில் ஓதப்பட்டது என்பது கல்வெட்டில் இல்லை. ஆனால் சமண மாணாக்கர் எவரும் கடந்தே தீரவேண்டிய பாடங்களில் ஒன்று நயம் பற்றியது. நயம் என்பது பலமுகமுடைய ஒரு பொருளை ஒரு முகத்திலிருந்து அறியும் பார்வை. தத்துவார்த்த சூத்திரத்தின் திகம்பர பாடம் இத்தகைய நயங்கள் ஏழு என்கிறது.

அவற்றுள் சங்கிரக நயம் என்பது வேறுபாடுகளை ஒதுக்கிவிட்டு ஒப்புமையை மட்டும் கொண்டு பொருள்களைத் தொகுக்கும் பார்வை. வியவகார நயம் என்பது அவ்வாறு தொகுத்ததை உலக வழக்கின் தேவைக்கேற்ப மீண்டும் பிரிக்கும் பார்வை. தொகுப்பவர், பிரிப்பவர் என்று வகைப்பாட்டியலார் தம்முள் கேலியாகச் சொல்லிக்கொள்ளும் இரு கட்சிகளுக்கும் இவை பொருந்துவது வியப்பூட்டுகிறது: ஏழோடு நின்ற பார்லத்தோரே சங்கிரக நயத்தவர், 54 வரை போன தோதாரோ வியவகார நயத்தவர். தத்துவார்த்த சூத்திரத்துக்கு உரைகண்ட பூச்சியபாதர், வியவகார நயம் மேற்கொண்டு பிரிக்கவே இயலாத எல்லைவரை சென்றுகொண்டிருக்கும் என்று விளக்குகிறார். அப்பார்வைக்குள்ளிருந்து நிறுத்துமிடம் கிடைக்காது என்பதே அதன் பொருள். துணைச் சிற்றினத்தோடு நிற்பேன் என்று விலங்கியல் விதிநூல் சொல்வது இயற்கையில் கண்ட நிறுத்துமிடம் அன்று. வழக்கைத் தீர்க்க உட்கார்ந்தவர்கள் இட்ட ஆணை. மூன்றாவதாக, ருசுசூத்திர நயம் முன்னும் பின்னும் பாராமல் இந்தக் கணத்தின் நிலையை மட்டும் கொள்ளும். ஒரு பருவத்தில் ஓர் இடத்தில் எந்த மரபணு எத்தனை விழுக்காடு என்று மட்டும் கணக்கிடும் இன்றைய மரபியலாருக்கு அது உறவு.

இவற்றில் எது சரி என்று சமண ஆசிரியரிடம் கேட்டால், ஒவ்வொன்றும் தன் முகத்துக்குச் சரி, தானே முழுமை என்று வாதிடும்போது பிழை என்பார். அப்படி முழுமை கோரும் நயத்துக்குத் துர்நயம் என்று பெயர். இதை எல்லாமே சரி என்னும் சோம்பலான சமரசமாக வாசிப்போர் உண்டு, அது பொருந்தாது. எந்த முகத்திலிருந்து பார்க்கிறோம், எதற்காகப் பார்க்கிறோம் என்பதைப் பெயரோடு சேர்த்துச் சொல்லும் கடமையை அது விதிக்கிறது. நச்சுமுறி செய்பவர் நஞ்சின் முகத்திலிருந்து பிரிக்கலாம். பருத்தி வளர்ப்பவர் இழையின் முகத்திலிருந்து பிரிக்கலாம். ஒருவர் வரைந்த கோட்டை மற்றவர் இயற்கையின் கோடு என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் துர்நயம் தொடங்குகிறது. துணைச் சிற்றினப் பெயர் ஒரு நயத்தின் பெயர் என்று ஏற்றுக்கொண்டால், அது மெய்யா பொய்யா என்ற வழக்கில் பாதி தானே விலகிவிடும்.

மீதிப் பாதி அவ்வளவு எளிதாக விலகுவதன்று, ஏனெனில் அது மனிதரைத் தொடுகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் சாதி என்ற சொல்லை நீர்வாழ் உயிர்களுக்கு வழங்கியிருக்கிறது. வைசேடிகர் அதே சொல்லைப் பசுத்தன்மைக்கு வழங்கினர். பின்னர் அது மனிதரைப் பிரிக்கும் சுவருக்குப் பெயராயிற்று. அந்தணத்தன்மையும் பசுத்தன்மையைப் போல மெய்யான ஜாதியே என்று மீமாம்சகரும் நையாயிகரும் வாதிட்டபோது, பதினொன்றாம் நூற்றாண்டுச் சமணத் தருக்கவியலார் பிரபாசந்திரர் அதை விரிவாக மறுத்தார். பசுவையும் குதிரையையும் பார்த்த அளவில் பிரித்தறிகிறோம். மனிதரைப் பார்த்து, பிறர் குலவரலாறு சொல்லாமல், அவ்வாறு பிரித்தறிய முடியவில்லை. சொல்லித்தான் தெரியும் ஒன்று எவ்வாறு காட்சிக்குப் புலனாகும் ஜாதியாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். லின்னேயஸ் 1758-இல் மனிதரை நான்கு கண்டங்களுக்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குணநலன்களையும் ஏற்றி எழுதினார். உயிரியல் அதிலிருந்து மீள இருநூறு ஆண்டுகள் ஆயின. ரிச்சர்ட் லெவோன்டின் 1972-இல் மனிதரின் மரபியல் வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கட்கூட்டத்துக்குள்ளேயே அடங்குகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். இன்று வாழும் மனிதருக்குள் துணைச் சிற்றினம் எதையும் உயிரியல் ஏற்பதில்லை. சுருட்டை விரியனில் உபாதிக்கு ஒரு பயன் உண்டு, அந்தப் பயன் உயிரைக் காப்பது. மனிதரில் ஏற்றப்பட்ட உபாதி யாருக்கு எந்தப் பயனைத் தந்தது என்பதைக் கரிசல் ஊர்களின் தெருக்கள் பிரிந்து கிடக்கும் விதத்திலிருந்தே படித்துக்கொள்ளலாம். ஒரு பிரிவின் நயம் எது என்று கேட்கும் வழக்கம் அங்கே ஏட்டுப்படிப்பாக நிற்பதில்லை.

கருங்கண்ணிக்குத் திரும்பினால், இன்னொரு பழைய வழக்கு காத்திருக்கிறது. கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கலவையாகக் கிடந்த கருங்கண்ணியிலிருந்து தூய வழிகளைத் தேர்ந்தெடுத்தும் ஒட்டியும் கே என்ற எழுத்தோடு எண் சேர்ந்த ரகங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டது. இந்தப் பெயர்கள் துணைச் சிற்றினப் பெயர்கள் அல்ல. பயிர்ரகங்களுக்கென 1953 முதல் தனியே இயங்கும் விதிநூலுக்கு உட்பட்டவை. அந்த நூலில் ரகத்தை வளர்ப்போரின் நோக்கமே வரையறையின் ஒரு பகுதி. பிற விதிநூல்கள் மறைத்துவைக்கும் நயத்தை அது வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. ஆனால் 52 குரோமோசோம்களுடைய அமெரிக்கப் பருத்தியான ஹிர்சூட்டம் கம்போடியா என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழகத்துக்கு வந்து, பின்னர் வீரிய ஒட்டு ரகங்களாகவும் 2002-க்குப் பின் பிடி பருத்தியாகவும் பரவ, கருங்கண்ணி புஞ்சைகளிலிருந்து பெருமளவு விலகிவிட்டது. இண்டிகம் என்ற ரேஸ் பெயர் நூல்களில் அப்படியே இருக்கிறது.

தனிப்பொருள்கள் அனைத்தும் அழிந்தாலும் ஜாதி அழியாது என்று வைசேடிகர் கொண்டனர். அக்கொள்கையின்படி கடைசிக் கருங்கண்ணிச் செடி பட்டுப்போனாலும் கருங்கண்ணித்தன்மை உறைவதற்கு ஓர் உடலின்றி இருந்துகொண்டே இருக்கும். பொதுவும் சிறப்பும் ஒரே பொருளின் இரு முகங்கள், பொருளை விட்டுப் பிரிந்து பொதுத்தன்மைக்குத் தனி வாழ்வில்லை என்று சமணர் மறுத்தனர். பருத்தி விதை நெடுங்காலம் முளைப்புத்திறன் தாங்காது. நிலையங்களில் காக்கப்படும் வழிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் விதைத்து, பிற பருத்தியின் மகரந்தம் படாமல் மொட்டைக் கட்டி, தன்மகரந்தத்தால் காய்க்கவிட்டு, புது விதை எடுத்துவைக்க வேண்டும். புரட்டாசிப் பட்டத்தில் ஒரு பாத்திக்கு விதை விழாமல் போனால், அந்த ஆண்டு அந்த வழி எண்ணுக்கு நேரே ஏட்டில் பெயர் இருக்கும்; புட்டியில் இருப்பது முளைக்குமா என்பது அடுத்த மழைக்குத்தான் தெரியும்.